அசையாமல் நின்ற எண்

புதிதாக மெயின்டனன்ஸில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஃபில்டரைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி பயிற்சிப் பிரிவிலிருந்து போன் செய்து கேட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளிடம் வேலை கொடுத்தால் யோசிக்காமல் சரி என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டேன். பிறகு உட்கார்ந்து பார்த்தால், ஃபார்முலா எல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. எந்த ரெசிஸ்டருக்கு எந்த கெபாசிட்டர் என்று கேட்டால் என்னைவிட வேகமாகப் பதில் சொல்கிறது. எனவே அதை அதனிடமே விட்டுவிடுகிறேன். ஒரு ஃபில்டரைப் போட்டு நான் என்ன செய்து வைத்தேன் என்ற கதையைச் சொல்கிறேன். வேலையில் இருந்தவரை இதைப் பயிற்சி வகுப்புகளில் பாதிதான் சொன்னேன். மீதிப் பாதியைச் சொல்லும் தைரியம் ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது.

என் பெயர் எஸ்தர். ஊர் மண்ணூர். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் காருக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அந்த டிபார்ட்மென்டில் அப்போது நான் ஒருத்திதான் பெண். ஏணியில் ஏறுவேனா என்று முதல் வாரம் எல்லோருக்கும் கவலை. இரண்டாம் வாரத்தில் ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்று எனக்குக் கவலை.

என் பெயர் ஃபேக்டரியில் பரவியது ஒரு எடை மெஷினால். ரப்பர் கலக்கும் இடத்தில் மூலப்பொருளை நிறுக்கும் மெஷின் அது. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் தொடங்கினால் போதும், அதன் டிஸ்ப்ளேயில் எண் தவளை மாதிரி துள்ளும். மூட்டையை வைத்துவிட்டு எந்த எண்ணை எழுதுவது என்று தெரியாமல் ஆட்கள் நிற்பார்கள். சென்சாரிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. வரும் வழியில் பக்கத்து ஒயர்களில் இருக்கும் குப்பையையெல்லாம் சேர்த்துக்கொண்டு வருகிறது. அந்தக் குப்பையைத்தான் நாம் நாய்ஸ் என்கிறோம். நான் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் சேர்த்து ஒரு ஃபில்டர் போட்டேன். வேகமான துள்ளல் அதில் அடங்கிவிடும், மெதுவான மாற்றம் மட்டும் கடந்து போகும். எண் நின்றது. மூட்டை ஒன்றும் ஓடிப்போகாது, எண் இரண்டு விநாடி தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்த இடத்துக்கு அது சரியான மருந்து.

என்ன ஆயிற்று என்றால், அதன்பிறகு எல்லா நோய்க்கும் என்னிடம் அதே மருந்துதான். எங்கே எண் ஆடினாலும் "எஸ்தர் மேடத்தக் கூப்புடு, வந்து தொட்டா அடங்கிடும்" என்பார்கள். கேட்கக் கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. நீங்களும் ஒருநாள் இதைக் கேட்பீர்கள். அன்றைக்குக் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு வருகிறேன். பெரிய ஹைட்ராலிக் பிரஸ். எண்ணெயின் அழுத்தத்தால் அச்சை இறுக்கி மூடி, உள்ளே ரப்பரைச் சூட்டில் வேகவைக்கும். அதை ஓட்டியவர் ஏழுமலை. வடக்குப்பட்டுக்காரர். வீட்டில் இரண்டு மாடு உண்டு. காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டுத்தான் ஷிஃப்டுக்கு வருவார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார். பேசினால் மெஷினைப் பற்றித்தான் இருக்கும்.

அந்த பிரஸ்ஸின் பம்பு மோட்டாருக்குப் புதிதாக ஒரு டிரைவ் மாட்டினார்கள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி அது. மாட்டிய அன்றைக்கே பிரச்சினை தொடங்கியது. அழுத்தத்தைக் காட்டும் எண் கண்டபடி துள்ளியது. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் மெஷின் தானே நின்றுவிட வேண்டும் என்று ஏற்பாடு. நிஜ அழுத்தம் ஏறவே இல்லை, ஆனால் சிக்னல் துள்ளியதில் எல்லையைத் தாண்டிவிட்டதாக மெஷின் நினைத்துக்கொண்டு நின்றது. ஒரு ஷிஃப்டில் ஏழு தடவை, எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் பாதி வெந்த ரப்பர் அச்சில் ஒட்டிக்கொள்ளும். ஏழுமலை அதைப் பித்தளைக் குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுப்பார். சூட்டில் அவர் முகம் சிவந்து கிடக்கும்.

புரொடக்ஷன் மேனேஜர் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் கஸ்டமருக்கு நேரத்துக்குச் சரக்கு அனுப்ப வேண்டியவர். அவர் என்னைத் தேடி வந்தார்.

"மேடம், எனக்கு ரிப்போர்ட் வேணாம், காரணம் வேணாம். மெஷின் நிக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள முடியுமா, முடியாதா?"

"முடியும் சார்."

இந்த "முடியும்" இருக்கிறதே, அதைச் சொல்ல அரை விநாடிகூட ஆகவில்லை எனக்கு.

பிரஸ்ஸின் ஒயர்கள் வந்து சேரும் பேனலை நான் திறந்துகொண்டு நின்றபோது ஏழுமலை பக்கத்தில் வந்தார். "மேடம், பம்பு ஓடறப்பதான் நம்பரு ஆடுது. பம்ப நிறுத்திட்டா கல்லு மாரி நிக்குது. பாத்தீங்களா?"

நோயின் முகவரியையே கையில் கொடுத்தார் அவர். மோட்டார் ஓடும்போது மட்டும் ஆடுகிறதென்றால் குப்பை அந்த மோட்டார் கேபிளிலிருந்துதான் வருகிறது. போய் அதுவும் சென்சார் கேபிளும் எப்படிப் போகின்றன என்று பார்த்திருக்க வேண்டும். பார்ப்பதற்கு மேலே ஏறி, கேபிள்கள் போகும் டிரேயைத் திறக்க வேண்டும், மெஷினை அரை நாள் நிறுத்த வேண்டும். மெஷினை நிறுத்தாதே என்பதற்காகத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்? "சரிண்ணா, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு டூல் பெட்டியிலிருந்து கெபாசிட்டரை எடுத்தேன்.

முதலில் சின்னதாகத்தான் போட்டேன். துள்ளல் முக்கால்வாசி அடங்கியது, ஆனால் கடைசி இலக்கம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. மெஷின் நிற்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். மேனேஜர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு அந்தத் துடிப்பு அவமானமாக இருந்தது. இன்னும் பெரியது போட்டேன். இன்னும் பெரியது. கடைசியில் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு நீலக் கெபாசிட்டர். எண் அசையாமல் நின்றது. படம் வரைந்து ஒட்டியது போல.

"சூப்பர் மேடம்!" என்று மேனேஜர் கைதட்டினார். அந்த அசையாத எண்ணுக்கு நான் கொடுத்த விலை இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் அதிகம். அதாவது எண்ணெயில் நடப்பது மெஷினுக்குத் தெரிய இனி இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். எனக்கு அது தெரியாதா? கணக்குப் போட்டவளே நான்தான். எடை மெஷினில் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன், அவ்வளவுதான். மெஷினின் ஒயரிங் டிராயிங்கில் குறித்துவைக்கவும் இல்லை. திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். கேன்டீனுக்குப் போகிற வழியில் ஏழுமலை என்னை நிறுத்தினார்.

"மேடம், ஒரு விஷயம். பிரஸ்ல பிரஷர் காட்ற பழைய முள்ளு கேஜ் ஒண்ணு கீது இல்ல? அதுல முள்ளு ஏறி நின்ன அப்புறந்தான் உங்க டிஸ்ப்ளேல நம்பரு மெதுவா ஏறிக்கினு வருது. முன்னாடி ரெண்டும் ஒண்ணா ஏறும்."

"அது பழைய கேஜ்ணா, அப்படித்தான் இருக்கும்."

"முள்ளு லேட்டா வந்தா பழசுன்னு சொல்லலாம். முள்ளு முன்னாடி வருதே மேடம்?"

அன்றைக்குக் கேன்டீனில் வெண்பொங்கல். பாத்திரம் காலியாவதற்குள் போக வேண்டும் என்ற அவசரம். "வந்து பாக்கறேன்ணா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். போய்ப் பார்க்கவில்லை. இதைத்தான் நான் வகுப்பில் சொன்னதே இல்லை. பிரச்சினை வந்தபிறகு தெரிந்துகொண்டேன் என்பது போலவே எப்போதும் சொல்லிவந்தேன். வருவதற்கு முன்பே என்னிடம் ஒருவர் சொல்லியிருந்தார்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, முற்பகல். எண்ணெயில் இருந்த ஒரு துணுக்கு அழுக்கு ரிலீஃப் வால்வில் போய் அடைத்துக்கொண்டது. அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பி விடுகிற வால்வு அது. அது திறக்கவில்லை. அழுத்தம் விறுவிறுவென்று ஏறியது. அந்த நேரத்தில் மெஷினே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, ஏனென்றால் என் கெபாசிட்டர் அதற்குச் செய்தியை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

டிஸ்ப்ளேயை ஏழுமலை நம்புவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் கண் முள்ளின் மேல்தான். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியதைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டுக் கீழே குந்தினார். அதே நேரம் எண்ணெய்க் குழாய் அதன் மூட்டில் பிய்த்துக்கொண்டது. சூடான எண்ணெய் அவர் தலை இருந்த உயரத்தில் பீறிட்டு எதிர்ச் சுவரை நனைத்தது. பொத்தானிலிருந்து எடுக்கத் தாமதமான இடது கையில் மட்டும் பட்டு, முழங்கைக்குக் கீழே வெந்துவிட்டது.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவரை முதலுதவி அறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். தரை முழுக்க எண்ணெய். யாரோ மரத்தூளை வாரி வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் எண்ணெய் பட்ட உயரத்தைப் பார்த்தேன்.

அடுத்து நடந்ததுதான் மோசம். ஒரு மணி நேரத்துக்குள் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த அழுத்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பொத்தான் அடித்ததால் பம்பு நின்று, குழாய் பிய்ந்ததால் அழுத்தமும் இறங்கிவிட்டது. இரண்டு விநாடி தாமதமாகப் பார்க்கிற டிஸ்ப்ளே உச்சத்தைப் பார்க்கவே இல்லை. பதிவில் அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கியிருந்தது, எல்லையை நெருங்கக்கூட இல்லை.

"முள்ளு சிவப்பத் தாண்டுச்சு சார், நான் என் கண்ணால பாத்தேன்" என்றார் ஏழுமலை, கையில் மருந்து தடவிக்கொண்டே.

"டேட்டா பொய் சொல்லாது ஏழுமலை" என்றார் புரொடக்ஷன் மேனேஜர். "பிரஷர் நார்மலா இருந்திருக்கு. நார்மல் பிரஷர்ல ஹோஸ் போச்சுன்னா ஹோஸ் பழுதுன்னு அர்த்தம். காலைல செக்லிஸ்ட்ல ஹோஸ் ஓகேன்னு டிக் போட்டது யாரு?"

"நான்தான் சார். பாத்துதான் போட்டேன்."

"பாத்திருந்தா எப்படி வெடிக்கும்?"

விசாரணை முடியும்வரை ஏழுமலைக்கு வேலை இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் முடிந்திருக்கும். திறக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை, பிரஸ் செய்த கம்பெனியிலிருந்து ஒரு நிபுணர் வந்து சோதிப்பார் என்றார்கள். சோதித்தால் பேனலைத் திறப்பார். திறந்தால் டிராயிங்கில் இல்லாத ஒரு நீலப் பொருள் அவர் கண்ணில் படும். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் பேனலைத் திறந்து கெபாசிட்டரைக் கழற்றி, டிபன் பையில் சோற்று டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அப்போது மனசுக்குள் என்ன சொல்லிக்கொண்டேன் தெரியுமா? "இது இங்கே இருப்பது ஆபத்து, பாதுகாப்புக்காக எடுக்கிறேன்." வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அப்படி உண்மையான பொய்யை அதற்கு முன்னும் பின்னும் நான் சொல்லிக்கொண்டதில்லை.

கம்பெனி பஸ்ஸில் மண்ணூர் போய் இறங்கும்வரை பையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முறை வைத்து வீடு வீடாக நடக்கும், அன்றைக்குப் பார்த்து எங்கள் முறை. ஃபேக்டரியில் குழாய் வெடித்த செய்தி எனக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. பாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார்: "ஆண்டவரே, அந்த ஆபத்தில் ஒரு உயிரும் போகாமல் காத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் சகோதரி எஸ்தருடைய கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதியும்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்து டம்ளர்களை எடுத்துப் போகும்போது என் கணவர் கேட்டார்: "இன்னா எஸ்தரு, ஒரு மாரியா கீற?"

"தலைவலி."

"மாத்திர போட்டுக்கோ" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்த ஃபில்டர் அது.

மறுநாள் பத்து மணி. மீட்டிங் அறையில் பிளான்ட் ஹெட், புரொடக்ஷன் மேனேஜர், வெளியிலிருந்து வந்த நிபுணர், நான். ஏழுமலையை உட்காரச் சொல்லவில்லை. கையில் கட்டோடு கதவோரம் நின்றார். நிபுணர் காலையிலேயே வந்து சிக்னலைச் சோதித்திருந்தார். கொஞ்சம் நாய்ஸ் இருக்கிறது, ஆனால் சென்சார் சரியாக, உடனுக்குடன் காட்டுகிறது என்றார். ஆகவே பதிவு சரி. ஆகவே அழுத்தம் ஏறவில்லை. ஆகவே குழாயைச் சரியாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு "ஆகவே"யும் ஒரு ஆணி மாதிரி இறங்கியது. எல்லாம் சுத்தமான தர்க்கம். அடியில் இருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் நான் உருவி எடுத்திருந்தேன்.

பிளான்ட் ஹெட் திருநெல்வேலிக்காரர். ஃபைலை மூடப் போனவர், "ஏழுமலை, நீங்க ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"சொன்னதுதான் சார். முள்ளு தாண்டிச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சத்தம் போட்டிருந்தால், என்னைப் பார்த்து முறைத்திருந்தால், நானும் வீம்பாக உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. அவர் யாரையும் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். பையைத் திறந்து கெபாசிட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அது உருண்டு போய் ஃபைலில் முட்டி நின்றது.

"சார், இது அந்த சிக்னல்ல இருந்துச்சு. போட்டது நான். நேத்து மத்தியானம் கழட்டுனதும் நான்."

"என்னம்மா சொல்லுதீங்க?"

"அவர் பாத்தது நெஜம் சார். பதிவுல இருக்கறதுதான் தப்பு. இதை மறுபடி மாட்டிக் காட்டறேன், நீங்களே வந்து பாருங்க."

"மேடம், இப்ப எதுக்கு அதெல்லாம்..." என்று தொடங்கினார் புரொடக்ஷன் மேனேஜர். பிளான்ட் ஹெட் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு எழுந்தார்.

எல்லோரும் பிரஸ்ஸுக்குப் போனோம். குழாயும் வால்வும் மாற்றியிருந்தார்கள். கெபாசிட்டரை மாட்டினேன். ஸ்க்ரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. நிபுணர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். குறைந்த அழுத்தத்தில் பம்பை ஒரு கணம் ஓட்டி நிறுத்தச் சொன்னேன். பழைய கேஜில் முள் விருட்டென்று ஏறி இறங்கியது. டிஸ்ப்ளேயில் எண் அப்போதுதான் சோம்பலாக ஏறத் தொடங்கியிருந்தது. பாதி வழியில் மனசு மாறித் திரும்பியது. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார் பிளான்ட் ஹெட். அதே கதை.

அவர் ஏழுமலை பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னதுதான் சரி. நாங்க நம்பல. தப்பு எங்க மேலதான்" என்றார். பிறகு என்னிடம், "நேத்தே ஏம்மா சொல்லல?"

"பயந்துட்டேன் சார்."

"இன்னைக்குப் பயம் இல்லையா?"

"இன்னைக்கும் இருக்கு சார்."

கேன்டீன் வழியில் ஏழுமலை என்னை நிறுத்திய விஷயத்தையும், முள் முன்னால் வருகிறது என்று அவர் முன்பே சொன்னதையும் அங்கேயே சொல்லிவிட்டேன். தொடங்கியாயிற்று, நடுவில் நிறுத்துவானேன்.

ஏழுமலை அன்றைக்கே வேலைக்குத் திரும்பினார், கை ஆறும்வரை லேசான வேலை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வர வேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. வேலை போகும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. மெஷினை நிறுத்தாதே என்று நெருக்கியவர்களுக்கும் ஒரு கடிதம் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மேலே ஏறி டிரேயைத் திறந்தோம். சென்சார் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டு கடைசிவரை போயின. சென்சார் கேபிளின் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டியவர்கள் இரண்டு முனையிலும் செய்திருந்தார்கள். பிரித்து, தனி வழியில் கொண்டுபோய், ஒரு முனையை அவிழ்த்துவிட்டோம். அரை நாள் வேலை. துள்ளல் கிட்டத்தட்டப் போய்விட்டது. மிச்சத்துக்கு ஒரு சின்ன ஃபில்டர் போட்டேன், கண் இமைக்கிற நேரத்தைவிடக் குறைவாகத் தாமதிக்கிறது. அழுத்தம் மிஞ்சினால் மெஷினை நிறுத்துவதற்கு இந்த சிக்னலை நம்பாமல் நேராகப் பம்பை நிறுத்துகிற தனி சுவிட்ச் ஒன்றும் வைத்தோம். கடைசி இலக்கம் இன்றைக்கும் லேசாகத் துடிக்கும். துடிக்கட்டும்.

ஃபில்டர் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் நம் தொழில் இல்லை. போடுவதற்கு முன்னால், இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். இந்தச் செய்தி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் அங்கே யார் நின்றுகொண்டிருப்பார் என்று கேளுங்கள். அவர் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் அன்றைக்கே எழுதுங்கள். கேன்டீன் வழியில் யாராவது நிறுத்தி ஏதாவது சொன்னால், பொங்கல் ஆறினாலும் பரவாயில்லை.

ஏழுமலை அதன்பிறகு சில மாதங்கள் என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து ஒரகடம் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றோம். கம்பெனி பஸ் பழுது, எல்லோரும் தனித்தனியாகப் போக வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் வேறு யாரும் இல்லை. அவர்தான் தொடங்கினார்.

"மேடம், அன்னிக்கி மதியானம் நீங்க பேனலத் தொறந்து எடுத்தீங்களே, நான் பாத்தேன்."

"எங்கருந்துண்ணா?"

"என் செருப்ப பிரஸ்ஸாண்டயே வுட்டுட்டேன். எடுக்க வந்தேன். நீங்க எதையோ கழட்டி சோத்துப் பையில வெச்சீங்க. இன்னான்னு தெரியாது. ஆனா இன்னாத்துக்குன்னு தெரிஞ்சிபோச்சு."

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே? மீட்டிங்குல ஒரு வார்த்தகூட சொல்லலியே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சொல்லியிருப்பேன் மேடம். எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது. பத்து மணிக்கு மீட்டிங், பத்தேகாலு வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்."

அன்றைக்கு நான் எழுந்து நின்றபோது அந்த அறையின் சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து பத்து. பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறிய அவர், நல்ல கையால் எனக்கொரு சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு, "வாங்க மேடம், சீக்கிரம்" என்று கூப்பிட்டார்.